வித்தையைப் பூட்டிவைக்க மறுத்தவர்

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் ஹார்ட்போர்டு என்று ஓர் ஊர். 1814-ம் ஆண்டு. ஒரு வீட்டுத் தோட்டத்தில் குழந்தைகள் ஓடி விளையாடிக்கொண்டு இருந்தார்கள். ஒரு சிறுமி மட்டும் தனியாக இருந்தாள். அவள் பெயர் ஆலிஸ். வயது ஒன்பது. இரண்டு வயதில் கண்ட கடுமையான காய்ச்சல் அவளுடைய செவிப்புலனைக் கொண்டுபோய்விட்டது. காது போனதும் பேச்சும் நின்றுவிட்டது.

பக்கத்து வீட்டு இளைஞர் ஒருவர் இதைப் பார்த்தார். தம் தொப்பியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். தொப்பி என்பதற்கு ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. அதைக் குச்சியால் மண்ணில் எழுதினார். தொப்பியைக் காட்டினார், எழுத்தைக் காட்டினார். மீண்டும் மீண்டும் காட்டினார். அந்தக் கோடுகள்தாம் தொப்பியின் பெயர் என்று ஆலிஸ் புரிந்துகொண்டாள்.

அந்த இளைஞர்தான் தாமஸ் ஹாப்கின்ஸ் காலடெட்.

1787-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி பிலடெல்பியாவில் பிறந்தவர் அவர். சிறுவயதிலேயே குடும்பம் ஹார்ட்போர்டுக்குக் குடிவந்தது. புகழ்பெற்ற யேல் கல்லூரியில் படித்து 17 வயதில் பட்டம் பெற்றார். சட்டம் படித்துப் பார்த்தார். உடல் இடம் கொடுக்கவில்லை. வியாபாரம் செய்து பார்த்தார். கடைசியில் பாதிரியார் ஆவதற்குப் படித்து முடித்தார். அப்போதுதான் ஆலிஸ் எதிர்ப்பட்டாள்.

ஆலிஸின் தகப்பனார் மேசன் காக்ஸ்வெல் பெயர்பெற்ற டாக்டர். மகளைப் போல இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பாதிரிமார்கள் மூலம் கணக்கு எடுக்கச் செய்தார். கனெக்டிகட்டில் மட்டும் 84 பேர் என்று தெரிந்தது. அவர்களுக்கு என்று ஒரு பள்ளிக்கூடம்கூட அங்கே இல்லை. கட்டிடம் கட்டப் பணம் திரட்டிவிடலாம். சொல்லிக்கொடுக்க ஆசிரியருக்கு எங்கே போவது? அந்த வித்தை ஐரோப்பாவில்தான் இருந்தது. யாராவது ஒருவர் போய்க் கற்றுவர வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பணம் போட்டார்கள். காலடெட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். 1815-ம் ஆண்டு மே 25-ந் தேதி அவர் கப்பல் ஏறினார்.

பூட்டிய கதவு

முதலில் இங்கிலாந்துக்குப் போனார். அங்கே காது கேளாதவர்களுக்குப் பேச்சும் எழுத்தும் கற்பிக்கும் முறை ஒரே குடும்பத்தின் கையில் இருந்தது. பிரெயிட்வுட் குடும்பம் என்று பெயர். தாத்தா தொடங்கிய தொழில் அது. முறையை வெளியில் விடாமல் குடும்பச் சொத்தைப் போலக் காத்து வந்தார்கள். நம் ஊரில் சில வைத்தியர்கள் மருந்தின் பக்குவத்தைச் சொல்லாமல் வைத்திருப்பார்களே, அதைப் போல.

காலடெட்டுக்கு அவர்கள் நிபந்தனை போட்டார்கள். பள்ளியில் உதவியாளாகச் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டும். கற்றதை ரகசியமாக வைத்திருக்க வேண்டும்.

எடின்பரோ நகரப் பள்ளிக்கும் போனார். அதன் தலைமை ஆசிரியர் நல்லவர், சொல்லிக்கொடுக்க ஆசைதான். ஆனால் அவரும் பிரெயிட்வுட் குடும்பத்திடம் கற்றவர். குறிப்பிட்ட காலம் வரை வேறு யாருக்கும் கற்றுத் தருவது இல்லை என்று பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார். அவருடைய கை கட்டப்பட்டு இருந்தது.

காலடெட் ஒப்புக்கொண்டு இருக்கலாம். பள்ளி எப்படியோ நடந்திருக்கும். ஆனால் ஆலிஸுக்குக் கிடைத்தது அடுத்த மாநிலத்துக் குழந்தைக்குக் கிடைத்திருக்காது. அவர் மறுத்துவிட்டார். கைப்பணம் கரைந்துகொண்டு இருந்தது. ஊரில் ஆலிஸ் காத்திருந்தாள்.

திறந்த கதவு

1815-ல் லண்டனில் பிரெஞ்சுக்காரர் ஒருவர் பொதுக்கூட்டங்கள் நடத்தினார். அவர் சிக்கார் பாதிரியார். பாரிஸ் நகரக் காது கேளாதோர் பள்ளியின் தலைவர். மேடையில் அவருடைய மாணவர்கள் இருவர் இருந்தார்கள். கூட்டத்தினர் எந்தக் கேள்வியும் கேட்கலாம். சிக்கார் அதைச் சைகையில் சொல்வார். மாணவர்கள் பதிலை எழுதிக் காட்டுவார்கள். வந்தவர்கள் வியந்துபோனார்கள். அந்த இருவரில் ஒருவர் லோரான் கிளேர். குழந்தையாய் இருக்கும்போதே காது கேளாமல் போனவர். பாரிஸ் பள்ளியில் படித்து அங்கேயே ஆசிரியர் ஆனவர்.

பாரிஸ் பள்ளியைத் தொடங்கியவர் டி லெப்பே என்ற பாதிரியார். ஏழைக் குழந்தைகளுக்கு இலவசமாகக் கற்பித்தவர். கற்பிக்கும் முறையை நாடி எந்த நாட்டார் வந்தாலும் மறைக்காமல் சொல்லிக்கொடுத்தவர். சிக்காரும் அதே வழியில் நடந்தார். காலடெட்டைப் பாரிஸுக்கு அழைத்தார்.

1816-ம் ஆண்டின் வசந்த காலத்தில் காலடெட் பாரிஸ் சேர்ந்தார். வகுப்பு வகுப்பாக உட்கார்ந்து பார்த்தார். கிளேரிடம் தனியாகவும் பாடம் கேட்டார். மூன்று மாதத்துக்குள் பணம் தீரும் நிலை வந்தது.

இந்த இடத்தில்தான் காலடெட்டின் பெரிய குணம் தெரிகிறது. மூன்று மாதம் படித்துவிட்டு, எல்லாம் தெரியும் என்று ஊருக்குத் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். கேட்க யார் இருக்கிறார்கள்? ஆனால் காலடெட் தம்மைத் தாமே அளந்து பார்த்தார். தாம் கற்றது போதாது என்று கண்டார். குழந்தைகளின் முன் அரைகுறையாகப் போய் நிற்க அவருக்கு மனம் வரவில்லை. அதனால் கிளேரையே அமெரிக்காவுக்கு வரும்படி கேட்டார்.

கிளேருக்குத் தாயைப் பிரிய வேண்டும், தெரியாத தேசம், ஆங்கிலமும் தெரியாது. இருந்தும் சம்மதித்தார். ஜூன் 18-ந் தேதி கப்பல் புறப்பட்டது. 52 நாள் பயணம். அந்தக் கப்பலே ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஆகிவிட்டது. கிளேர் காலடெட்டுக்குச் சைகை கற்பித்தார். காலடெட் கிளேருக்கு ஆங்கிலம் கற்பித்தார். கரை சேர்வதற்குள் கிளேர் ஆங்கிலத்தில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கியிருந்தார்.

ஏழு மாணவர்கள்

ஊர் ஊராகப் போய் இருவரும் பணம் திரட்டினார்கள். பேசச் சொன்னால் காலடெட் பேசுவார். கேள்வி கேட்டால் கிளேர் எழுதுவார். காது கேளாதவருக்குப் படிப்பு வருமா என்ற சந்தேகம் கிளேரைப் பார்த்ததும் பலருக்குத் தீர்ந்தது. மாநில அரசு 5,000 டாலர் கொடுத்தது.

1817-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி ஹார்ட்போர்டில் பள்ளி திறந்தது. மாணவர்கள் ஏழு பேர். முதல் பெயர் ஆலிஸ்.

வேறு மாநிலங்களில் பள்ளி தொடங்க நினைத்தவர்களும் ஹார்ட்போர்டை நாடினார்கள். யாரிடமும் பத்திரம் எழுதி வாங்கவில்லை. கல்லூரிப் படிப்பு முடித்த இளைஞர்கள் வந்தார்கள். அவர்களுக்குச் சைகை கற்பித்தவர் கிளேர். காது கேட்கும் பட்டதாரிகள், காது கேளாத குருவின் முன் மாணவர்களாக நின்றார்கள். பிலடெல்பியாவில் தொடங்கிய பள்ளியில் கிளேரே சில மாதம் தங்கி வழிகாட்டினார். ஹார்ட்போர்டில் படித்த மாணவர்களும் பிற ஊர்ப் பள்ளிகளில் ஆசிரியர்கள் ஆனார்கள்.

காலடெட் 1821-ல் தம் பள்ளியில் படித்த சோபியா பவுலர் என்ற காது கேளாத பெண்ணை மணந்தார். எட்டுக் குழந்தைகள் பிறந்தார்கள்.

1825-ல் அவர் ஒரு திட்டம் எழுதி வெளியிட்டார். இது எல்லாப் பள்ளி ஆசிரியர்களுக்கும் உரியது. வக்கீலுக்குப் படிப்பு உண்டு, டாக்டருக்குப் படிப்பு உண்டு. குழந்தையின் மனத்தை ஒப்படைக்கும் ஆசிரியருக்கு மட்டும் ஏன் இல்லை என்பது அவர் வாதம். அதற்கென்று ஒரு கல்லூரி வேண்டும். பக்கத்திலேயே குழந்தைகள் படிக்கும் பள்ளியும் வேண்டும். ஏட்டில் கற்றதை அங்கே செய்து பார்க்க வேண்டும் என்றார். அமெரிக்காவில் அரசாங்கம் நடத்தும் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி முதன்முதலில் வந்ததே 1839-ல்தான்.

உடல் தளர்ந்து 1830-ல் அவர் பள்ளித் தலைமையை விட்டார். அந்த ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி டாக்டர் காக்ஸ்வெல் காலமானார். அன்று காலடெட்டின் பிறந்த நாள். தகப்பனாரின் பிரிவைத் தாங்காத ஆலிஸ் மூன்று வாரத்துக்குள் உயிர் நீத்தாள். அப்போது அவள் வயது 25.

பிற்காலத்தில் காலடெட் குழந்தைகளுக்குப் புத்தகங்கள் எழுதினார். மனநோயாளர் மருத்துவமனையில் பாதிரியாராகப் பணி செய்தார். 1851-ம் ஆண்டு செப்டம்பர் 10-ந் தேதி மறைந்தார்.

அவருடைய கடைசி மகன் எட்வர்டு, காது கேளாதோருக்கான கல்லூரியை 1864-ல் வாஷிங்டனில் அமைத்தார். 1894-ல் அதற்குத் தகப்பனாரின் பெயர் சூட்டப்பட்டது. அங்கே 1891-ல் ஆசிரியர் பயிற்சி வகுப்பும் தொடங்கியது. ஆனால் அதில் காது கேட்பவர்களை மட்டுமே சேர்த்தார்கள். கிளேரைப் போன்ற ஒருவர் விண்ணப்பம் போட்டிருந்தால் இடம் கிடைத்திருக்காது! காலம் அப்படி மாறியிருந்தது. உதட்டைப் பார்த்துப் பேச்சை அறியும் முறையே சிறந்தது, சைகை கூடாது என்று 1880-ல் இத்தாலியில் மிலான் நகரில் கூடிய மாநாடு தீர்மானம் போட்டிருந்தது. அதன்பின் எத்தனையோ ஊர்களில் காது கேளாத ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள்.

அந்தக் கல்லூரி பின்னர் பல்கலைக்கழகம் ஆயிற்று. தொடங்கி 124 ஆண்டு ஆனபின்னும் தலைமைப் பதவிக்குக் காது கேளாதவர் ஒருவரும் வரவில்லை. 1988-ம் ஆண்டு மார்ச் மாதம் மாணவர்கள் பொறுமை இழந்தார்கள். வாயில்களை அடைத்தார்கள், ஊர்வலம் போனார்கள். ஒரே வாரத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது. காது கேளாதவரான ஐ. கிங் ஜோர்டன் தலைவர் ஆனார்.