தொப்பி பின்னிய கைதி!
19 ஆண்டு காத்திருந்து தப்பிய மாலுமியின் கதை

மணிமுத்தாற்றுத் தண்ணீர் தாமிரபரணியில் சேருகிறது. தாமிரபரணி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. அந்தக் கடலின் அக்கரையில், இலங்கையில் இருக்கிறது அரிப்பு என்னும் ஊர்.

1679-ம் ஆண்டு அக்டோபர் மாதம், அங்கிருந்த டச்சுக்காரர் கோட்டைக்கு இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். வெறுங்கால். நீண்ட தாடி. பார்த்தால் நாட்டுப்புறத்து ஆட்கள் போல இருந்தார்கள். ஆனால் இருவரும் இங்கிலாந்துக்காரர்கள்! அவர்களில் ஒருவர்தான் ராபர்ட் நாக்ஸ்.

பாய்மரம் போயிற்று

நாக்ஸ் 1641-ல் பிறந்தவர். அவருடைய தந்தை கப்பல் கேப்டன். சிறு வயதிலேயே தந்தையுடன் கடலுக்கு வந்துவிட்டார்.

1659 நவம்பரில் மசூலிப்பட்டணத்தில் பெரும் புயல் அடித்தது. கப்பல் பாய்மரத்தை இழந்தது. புது மரம் நாட்டுவதற்காகத் திருகோணமலைக்கு அருகே கொட்டியாரத்துக்கு வந்தார்கள். கண்டி அரசர் ராஜசிங்கனுக்குக் கடிதமும் அனுப்பவில்லை, காணிக்கையும் வைக்கவில்லை. அரசரின் ஆட்கள் வந்து தந்தை, மகன் உள்பட 16 பேரைப் பிடித்துக்கொண்டார்கள். கப்பல் அவர்களை விட்டுவிட்டுப் போய்விட்டது.

தந்தை இறந்தார்

கைதிகளுக்கு விலங்கு இல்லை; சிறையும் இல்லை. ஊருக்கு ஒருவராகப் பிரித்து வைத்தார்கள். ஊரார் சோறு போட்டார்கள். மலையும் காடுமே மதில்!

தந்தைக்கும் மகனுக்கும் காய்ச்சல் கண்டது. 1661 பிப்ரவரியில் தந்தை கண்ணை மூடினார். துணைக்கு இருந்தவன், பரங்கிப்பேட்டையில் இருந்து கூட்டி வந்த ஒரு பையன் மட்டுமே. எழுந்து நிற்கவும் தெம்பில்லாத மகன், தந்தையை அடக்கம் செய்தார்.

மனம் தளரவில்லை

நாக்ஸ் தொப்பி பின்னி விற்றார். நெல்லைக் கடன் கொடுத்து வட்டி வாங்கினார். ஒரு தொப்பியைக் கொடுத்து, ஒரு கிழவரிடம் இருந்து பைபிள் வாங்கினார்.

கூட இருந்தவர்களில் பலர் அங்கேயே பெண் கட்டிக் குடும்பமானார்கள். நாக்ஸ் மணம் செய்யவில்லை. குடும்பம் வந்தால் கால் கட்டுப்படும் என்று பயந்தார். சரக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு, வியாபாரி போல வடக்கே போய்ப் போய் வழி பார்த்து வந்தார். இதற்கே பல ஆண்டுகள் ஆயின.

யானைக் காடு

1679 செப்டம்பரில் ரட்லண்ட் என்ற நண்பருடன் புறப்பட்டார். அநுராதபுரத்தைக் கடந்து, ஆற்றங்கரையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். மனிதர் கண்ணில் பட்டால் பிடிபடுவார்கள். காட்டுக்குள் போனால் யானையும் கரடியும்! இரவில் தீ மூட்டிப் படுத்தார்கள். அக்டோபர் 18-ந் தேதி அரிப்புக் கோட்டையை அடைந்தார்கள். 19 வயதில் பிடிபட்டவருக்கு அப்போது வயது 38.

உலகம் படித்த கதை

1680-ல் நாக்ஸ் லண்டன் திரும்பினார். இலங்கையின் பயிர், பழக்கவழக்கம், அரசு எல்லாவற்றையும் எழுதினார். அந்தப் புத்தகம் 1681-ல் வெளிவந்தது. பிற்பாடு டேனியல் டீபோ எழுதிய 'ராபின்சன் குரூசோ' கதைக்கு அதுவும் ஒரு தூண்டுதல் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.

நாக்ஸ் மறுபடியும் கப்பல் கேப்டன் ஆனார். 1720-ல் காலமானார். கடைசி வரை அவர் திருமணம் செய்துகொள்ளவே இல்லை.