இராபர்ட் புரூசு ஃபூட்

இராபர்ட் புரூசு ஃபூட் (செப்டம்பர் 22, 1834 – டிசம்பர் 29, 1912) பிரித்தானிய நிலவியலாளரும் தொல்லியலாளரும் ஆவார். இந்தியாவின் வரலாற்றுக்கு முந்தைய கால ஆய்வின் தந்தை என இவர் போற்றப்படுகிறார். தற்போதைய திருவள்ளூர் மாவட்டத்தின் பாறை அடுக்குகளையும் பழைய கற்காலக் கருவிகளையும் ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர்.

வாழ்க்கை

இங்கிலாந்தின் செல்ட்டனாம் நகரில் பிறந்த இவர், 1858 ஆம் ஆண்டில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்தில் பணியாற்றினார். 1891 இல் ஓய்வு பெற்றபின் பரோடா அரசின் நிலவியலாளராக இருந்தார். பின்னர் ஏற்காட்டில் வாழ்ந்தார். கல்கத்தாவில் காலமான இவரது கல்லறை ஏற்காட்டில் உள்ளது.

கற்கருவிகள்

1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில், உடன் பணியாற்றிய வில்லியம் கிங்குடன் கொற்றலையாற்றுப் பகுதியிலுள்ள அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டறிந்தார். அவர் திரட்டிய தொல்பொருட்கள் 1904 இல் சென்னை அருங்காட்சியகத்தால் வாங்கப்பட்டன.

நிலவியல் ஆய்வு

பாலாற்றுக்கு வடக்கேயுள்ள நிலப்பரப்பைப் பற்றிய இவரது விரிவான அறிக்கை 1873 இல் வெளிவந்தது. திருப்பெரும்புதூர், சத்தியவேடு ஆகிய ஊர்களின் பெயரால் அங்குள்ள படிவுப் பாறைகளை அவர் வகைப்படுத்தினார். கண்டங்கள் நகரும் என்ற கருத்து அக்காலத்தில் ஏற்கப்பட்டிருக்கவில்லை. இந்தியா அண்டார்க்டிக்காவிலிருந்து பிரிந்த காலத்தையொட்டி, பிளவுப்பெயர்ச்சிகளால் நிலம் தாழ்ந்து உருவான பள்ளங்களில் இப்பாறைகள் படிந்தன என்பது பின்னரே அறியப்பட்டது. அருகிலுள்ள அல்லிக்குழி மலைகளின் உருள்திரள் பாறைகளில் குவார்ட்சைட்டுக் கூழாங்கற்கள் மிகுந்துள்ளன. கற்கால மனிதர் கருவி செய்யப் பயன்படுத்தியதும் இக்கல்லே. இவ்வாறு, கண்டப் பிளவின் காலத்துப் படிவுகளே அவர்களுக்கு மூலப்பொருளைத் தந்தன.

பிற்கால ஆய்வுகள்

அத்திரம்பாக்கத்தில் மேலுள்ள செம்பூரான் படிவுகளுக்குக் கீழே காணப்படும் களிமண், டைனோசர்கள் வாழ்ந்த கிரீத்தேசியக் காலத்தைச் சேர்ந்தது என நெடுங்காலம் கருதப்பட்டது. அவ்வாறாயின் அதில் மனிதத் தடயம் இருக்க இயலாது. 1999 இல் சாந்தி பப்பு குழுவினர் தொடங்கிய அகழாய்வில் அக்களிமண்ணுள்ளேயே கற்கருவிகள் கிடைத்தன. எனவே அது மிகப் பிற்காலத்தியது என உறுதியானது. அங்குள்ள மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை என 2011 இல் அறிவிக்கப்பட்டது. 2018 இல் வெளியான ஆய்வு, இடைப் பழைய கற்காலத் தொழில்நுட்பம் அங்கு ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தோன்றியதாகக் காட்டியது.