ஹோப் காலேஜ் ஸ்டாப்பில் இறங்கினால்...



கோவை அவிநாசி ரோட்டில் பஸ்ஸில் போனவர்களுக்கு ஹோப் காலேஜ் ஸ்டாப் தெரியாமல் இருக்காது. இறங்கித் தேடினால் அந்தப் பெயரில் காலேஜ்தான் கிடைக்காது. அது இருந்த கதை, ஜி.டி. நாயுடு அவர்களின் வாழ்க்கையில் ஒரு பகுதி.

சூலூருக்கு அருகே கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்தவர் அவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. ஆரம்ப வகுப்புகளோடு சரி. ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார், ஆசைப்பட்டார். ஓட்டலில் சர்வராக வேலை செய்து காசு சேர்த்து அதை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றவில்லை. அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, திரும்ப மாட்டினார். அதுதான் அவர் படித்த இன்ஜினியரிங்!

1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸோடு தொழில் தொடங்கினார். அது யு.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. 1937-ல் டி. பாலசுந்தரம் அவர்களோடு சேர்ந்து இந்தியாவின் முதல் எலெக்ட்ரிக் மோட்டாரைச் செய்தார்.

ஆயிரக்கணக்கில் ஆள் வைத்து வேலை வாங்கும் முதலாளிக்கு ஒரு கஷ்டம் உண்டு. சர்டிபிகேட்டோடு வருகிறவனுக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியாது. பல முதலாளிகள் புலம்பியதோடு நிறுத்திக்கொண்டார்கள். நாயுடு கையிலிருந்த பணத்தைப் போட்டார். 1945-ல், அப்போதைய சென்னை மாகாண கவர்னர் சர் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் எழுந்தன. முதல்வர் பொறுப்பையும் அவரே ஏற்றார்.

நான்கு வருடப் படிப்பு வீண், பட்டறையோடு சேர்த்துச் சொல்லிக் கொடுத்தால் இரண்டு வருடம் போதும் என்பது அவர் கட்சி. அரசாங்கம் ஒப்பவில்லை. அவர் விலகிக்கொண்டார். கல்லூரி பின்னர் தடாகம் ரோட்டுக்கு இடம் மாறி, இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாகப் பேரோடு நிற்கிறது. நாயுடு 1974-ல் காலமானார்.

இரண்டு வருடம் போதுமா? எனக்குச் சந்தேகம்தான். கணக்கும் தியரியும் ஊற நாளாகும். ஆனால் அவர் சுட்டிய நோய் நிஜம், நானே அனுபவித்தேன். முதல் வேலையில் மைக்ரோமீட்டரைக் கொடுத்து ஷாஃப்டை அளக்கச் சொன்னார்கள். பரீட்சையில் அதைப் படம் வரைந்து மார்க் வாங்கியவன், ரீடிங் எடுக்கத் தெரியாமல் முழித்தேன். பத்தாவது தாண்டாத டர்னர் அண்ணன் ஒருவர்தான் சிரிக்காமல் சொல்லிக் கொடுத்தார்.

இன்று நம்மில் பலர் பட்டறை, மில், ஆபீஸ் வைத்திருக்கிறோம். புதுப் பையன்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நாமும் புலம்புகிறோம். லீவில் இரண்டு வாரம் நம் கல்லூரிப் பிள்ளைகள் நான்கு பேரை உள்ளே விட்டால் என்ன? டீ வாங்கிவர அல்ல. மெஷின் பக்கத்தில் நிற்க.

தம்பி, தங்கைகளே! நீங்களும் கூச்சப்படாமல் வந்து கேளுங்கள். கையில் கிரீஸ் பட்டால் சோப்புப் போட்டால் போய்விடும், கற்றது போகாது.