கசப்புப் பட்டையும் ஓர் அடிக்குறிப்பும்: ஹோமியோபதியைத் தொடங்கிய ஹானிமனின் கதை

ஹோமியோபதி மருந்துக் கடைகளில் 'சைனா' என்று லேபிள் ஒட்டிய பாட்டில் ஒன்று கட்டாயம் இருக்கும். பேரைப் பார்த்துட்டு சீனாவிலிருந்து வந்த சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்காடுகளில் வளரும் சின்கோனா மரத்தின் பட்டைதான் அது. ஸ்பானியர்கள் அதை 'கீனா' என்றார்கள். ஜெர்மனிக்குப் போனதும் எழுத்துக்கூட்டல் மாறி, சீன நாட்டின் பெயரோடு ஒன்றாகிவிட்டது. நம்ம ஊர்ப் பெரியவர்கள் கசப்பான காய்ச்சல் மருந்தை 'கொயினா' என்பார்களே, அதுவும் இதே வேரிலிருந்து வந்த பெயர்தான்.

ஹோமியோபதியில் மருந்துகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஆனால், அந்த முறையே இந்தப் பட்டையிலிருந்துதான் கிளம்பியது. 1790-ல், மொழிபெயர்த்துப் பிழைத்துக்கொண்டிருந்த ஒரு ஜெர்மன் டாக்டர், காய்ச்சல் எதுவும் இல்லாதபோது இந்தப் பொடியை விழுங்கிப் பார்த்தார். அவர் பெயர் சாமுவேல் ஹானிமன்.

பீங்கானுக்குப் பெயர்போன ஊர்

1755 ஏப்ரல் 10. ஜெர்மனியின் சாக்சனி பகுதியில் உள்ள மெய்ஸன் நகரத்தில் ஹானிமன் பிறந்தார். மெய்ஸன் என்றால் அந்தக் காலத்தில் பீங்கான். ஐரோப்பாவின் அரண்மனைகளுக்கெல்லாம் கோப்பையும் தட்டும் அங்கிருந்துதான் போகும். அப்பா அந்த ஆலையில் பீங்கான்மீது சித்திரம் வரைபவர். வீட்டில் பெரிய வசதி கிடையாது. பையனுக்கோ மொழிகள் சரளமாக வந்தன. கிரேக்கம், லத்தீன், ஆங்கிலம், பிரெஞ்சு எனப் பல மொழிகள் கற்றார். பிறகு எத்தனையோ வருஷம் அவர் குடும்பத்துக்குச் சோறு போட்டதில் வைத்தியத்தைவிட இந்த மொழிகளின் பங்கு அதிகம்.

20 வயதில் கொஞ்சம் பணத்தோடு லைப்சிக் பல்கலைக்கழகத்துக்கு மருத்துவம் படிக்கப் போனார். மொழிப்பாடம் சொல்லிக்கொடுத்தும் மொழிபெயர்த்தும் செலவைச் சமாளித்தார். அங்கே புத்தகப் படிப்பு மட்டும்தான். நோயாளியைத் தொட்டுப் படிக்க வழியில்லை என்று வியன்னாவுக்குப் போனார். சில மாதங்களில் கையிருப்பு தீர்ந்தது. டிரான்சில்வேனியாவின் ஆளுநரான புரூக்கென்தால் பிரபு, தன் நூலகத்தைக் கவனிக்கும் வேலையைக் கொடுத்து ஹெர்மன்ஸ்டாட்டுக்கு அழைத்துப்போனார். இன்று ருமேனியாவில் சிபியு என்று அழைக்கப்படும் ஊர் அது. அந்தப் பக்கம் விட்டுவிட்டு வரும் குளிர்காய்ச்சல், அதாவது மலேரியா, நிறைய உண்டு. இந்த விஷயத்தைக் கொஞ்சம் மனசுல வெச்சுக்குங்க. பின்னால் தேவைப்படும்.

1779-ல் எர்லாங்கனில் பட்டம் வாங்கினார். 1782-ல் ஹென்ரியட்டா கூக்லரைக் கல்யாணம் செய்துகொண்டார். பிள்ளைகள் வரிசையாகப் பிறந்தார்கள், மொத்தம் 11. வைத்தியமும் பார்த்தார். ஆனால், சீக்கிரமே மனசு விட்டுப்போனது.

ஏன் விட்டுப்போனது என்று புரிய, அன்றைய வைத்தியம் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். காய்ச்சலா? கையைக் கீறி ரத்தத்தை இறக்கு. குறையவில்லையா? இன்னொரு தடவை இறக்கு. பேதி மருந்து, வாந்தி மருந்து, பாதரசம், ஈயம் எல்லாம் தாராளமாக உள்ளே போயின. நோயில் பிழைத்தவர் வைத்தியத்தில் செத்த கதைகள் ஏராளம். தான் கற்றதை நோயாளியிடம் செய்யவே பயந்து ஹானிமன் தொழிலை ஏறக்குறைய நிறுத்திவிட்டார். வேதியியலில் இறங்கினார், ஆர்செனிக் நஞ்சைக் கண்டுபிடிப்பது பற்றி 1786-ல் புத்தகம் எழுதினார். மற்ற நேரமெல்லாம் மொழிபெயர்ப்பு. 1792-ல் பேரரசர் இரண்டாம் லியோபோல்டு இறந்தபோது, நாலு தடவை ரத்தம் இறக்கிய அரண்மனை வைத்தியர்களைப் பத்திரிகையில் பகிரங்கமாகக் கேள்வி கேட்டார். ராஜ வைத்தியர்களைப் பகைத்துக்கொள்ள அந்தக் காலத்தில் எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அவருடைய மருந்துக் கொள்கையை ஏற்காதவர்கள்கூட இந்த விஷயத்தில் அவர் பக்கம்தான் நிற்பார்கள்.

காய்ச்சலை நிறுத்திய மரம்

ஹானிமன் கைக்கு வருவதற்கு நூற்றைம்பது வருஷம் முன்பே சின்கோனா ஐரோப்பாவுக்கு வந்துவிட்டது. ஆண்டிஸ் மலைவாழ் மக்கள் அறிந்திருந்த பட்டை இது. குளிர் நடுக்கத்துக்கு அதைப் பொடித்துக் குடிப்பார்கள் என்பார்கள். 17-ம் நூற்றாண்டில் பெருவில் இருந்த ஏசு சபைப் பாதிரியார்கள் அதை ரோமுக்கு அனுப்பினார்கள். அப்போது ரோமைச் சுற்றிச் சதுப்பு நிலம், மலேரியா ஆளைக் கொன்றுகொண்டிருந்தது. பொடியை ஒயினில் கலந்து குடித்தால் காய்ச்சல் நின்றது.

சிஞ்சோன் பிரபுவின் மனைவி இதைக் குடித்துப் பிழைத்தார் என்றொரு கதை பரவியது. அதை நம்பித்தான் லின்னேயஸ் மரத்துக்குச் 'சின்கோனா' என்று பெயர் வைத்தார். கதை கட்டுக்கதை என்று பிற்காலத்தில் தெரிந்தது. போதாக்குறைக்கு, பெயரில் ஓர் எழுத்தையும் லின்னேயஸ் விட்டுவிட்டார்.

பாதிரியார்கள் கொண்டுவந்தது என்பதால் புராட்டஸ்டன்ட் நாடுகளில் பட்டைமீது சந்தேகம் இருந்தது. இங்கிலாந்தில் ராபர்ட் டால்பர் என்ற கெட்டிக்கார ஆள் இதை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார். ஏசு சபைப் பொடி ஆபத்தானது, ஜாக்கிரதை என்று ஊரை எச்சரித்துவிட்டு, தன்னுடைய ரகசிய மருந்தை விற்றார். இரண்டாம் சார்லஸ் மன்னரின் காய்ச்சலைக் குணமாக்கி 'சர்' பட்டம் வாங்கினார். பிரான்ஸ் போய் 14-ம் லூயியின் மகனையும் குணப்படுத்தினார். பெருந்தொகை கொடுத்து ரகசியத்தை வாங்கிய லூயி, டால்பர் இறந்த பிறகு அதை வெளியிட்டார். பார்த்தால், ஒயினில் கலந்த சின்கோனா பட்டை!

ஆக, பட்டை வேலை செய்கிறது என்பதில் ஹானிமன் காலத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எப்படி வேலை செய்கிறது என்பதுதான் தெரியவில்லை.

15 கிராம் பொடி, இரண்டு வேளை

1790-ல் எடின்பரோவின் பிரபல மருத்துவப் பேராசிரியர் வில்லியம் கல்லன் எழுதிய மருந்துநூலை ஹானிமன் ஜெர்மனில் பெயர்த்துக்கொண்டிருந்தார். கசப்பும் துவர்ப்பும் வயிற்றைப் பலப்படுத்துவதால்தான் சின்கோனா காய்ச்சலை நிறுத்துகிறது என்று கல்லன் எழுதியிருந்தார். ஹானிமனுக்கு இது ஒப்பவில்லை. கசப்பும் துவர்ப்பும் உள்ள வேறு பட்டைகள் எத்தனையோ இருக்கின்றன, அவையெல்லாம் காய்ச்சலை நிறுத்துவதில்லையே? நியாயமான கேள்வி.

அப்படின்னா தானே சாப்பிட்டுப் பார்த்துவிடலாம் என்று இறங்கினார். ஒரு வேளைக்குச் சுமார் 15 கிராம், நாளைக்கு இரண்டு வேளை, சில நாட்களுக்கு. சாதாரண அளவு இல்லை இது. காலும் விரல் நுனிகளும் சில்லிட்டன. தூக்கம் அசத்தியது. இதயம் படபடத்தது, நாடி வேகமாக ஓடியது. நடுக்கம், பதற்றம், தலையில் துடிப்பு, கன்னச் சிவப்பு, தாகம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று மணி நேரம். பொடியை நிறுத்தியதும் சரியானது, மறுபடி எடுத்ததும் மறுபடி வந்தது. குளிர்காய்ச்சலின் அடையாளங்கள் இவை. உடம்பு தூக்கிப்போடும் அந்தக் குளிர் மட்டும் வரவில்லை. அதையும் அவர் மறைக்காமல் எழுதிவைத்தார்.

எங்கே எழுதினார்? தான் மொழிபெயர்த்த புத்தகத்தின் அடிக்குறிப்பில். மூல ஆசிரியரை மறுத்து மொழிபெயர்ப்பாளர் குறிப்புப் போடுவது அவருக்குப் புதிதல்ல. ஆனால் இந்தக் குறிப்பிலிருந்து அவர் ஒரு விதியை நோக்கி நகர்ந்தார். ஆரோக்கியமானவருக்கு எந்தப் பொருள் ஒரு நோயைப் போன்ற அறிகுறிகளை வரவழைக்கிறதோ, அதே பொருள் அந்த நோயைக் குணப்படுத்தும். ஒத்ததை ஒத்தது குணமாக்கும் என்ற இந்தக் கொள்கையை 1796-ல் கட்டுரையாகவும், 1810-ல் 'ஆர்கனான்' என்ற நூலாகவும் வெளியிட்டார்.

இங்கேதான் சிக்கல். இந்தப் பட்டையையோ அதன் சத்தான குயினைனையோ சாப்பிட்ட ஆரோக்கியமானவர்களுக்கு பொதுவாக மலேரியா மாதிரிக் காய்ச்சல் வருவதில்லை. அளவு மிஞ்சினால் காதில் இரைச்சல், தலைவலி, குமட்டல், பார்வை மங்கல் வரும். அப்புறம் ஹானிமனுக்கு மட்டும் ஏன்? அவர் உடம்புக்குப் பட்டை ஒவ்வாமல் இருந்திருக்கலாம் என்கிறார்கள் சிலர். டிரான்சில்வேனியாவில் அவருக்கு ஏற்கெனவே வந்துபோனதாகச் சொல்லப்படும் குளிர்காய்ச்சலை நினைவுபடுத்துகிறார்கள் வேறு சிலர். எப்படியானாலும், கேள்வி நல்ல கேள்வி, துணிச்சலும் பெரிசு. ஆனால் ஓர் ஆளின் உடம்பு ஒரு மருத்துவ விதிக்குப் போதுமான சாட்சி இல்லை. பிற்பாடு தன் சீடர்களையும் குடும்பத்தாரையும் வைத்துப் பல பொருள்களைச் சோதித்தார். அப்போது அவரவர் உடம்பில் தோன்றிய எல்லாமே மருந்தின் கணக்கில் எழுதப்பட்டன. மருந்து சாப்பிடாமலே அவை வந்திருக்குமா என்று ஒப்பிட வழி இல்லை.

ஆரம்பத்தில் வழக்கமான அளவிலேயே மருந்து கொடுத்தார். பிறகுதான் அளவைக் குறைக்கத் தொடங்கினார். ஒரு சொட்டு மருந்துக்கு 99 சொட்டுச் சாராயம், நன்றாகக் குலுக்கு. அதிலிருந்து ஒரு சொட்டுக்கு மறுபடி 99. 'சைனா 30' என்றால் இப்படி 30 தடவை. கணக்குப் போட்டால் ஒன்றுக்குப் பின்னால் 60 சைபர் போட்ட எண்ணில் ஒரு பங்கு. 12-ம் தடவை தாண்டினாலே மூல மருந்தின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்ச வாய்ப்பு மிகக் குறைவு. மூலக்கூறுகளை எண்ணும் கணக்கு வந்தது 1865-ல், ஹானிமன் இறந்து 20 வருஷத்துக்கு மேல் கழித்து.

அதே 1820

லைப்சிக் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார், சீடர்கள் சேர்ந்தார்கள், எதிரிகளும் சேர்ந்தார்கள். டாக்டர் தன் கையால் மருந்து தயாரித்துக் கொடுப்பது எங்கள் பிழைப்பில் மண் போடுவது என்று மருந்துக் கடைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1820-ல் அவரிடம் சிகிச்சைக்கு வந்த தளபதி ஷ்வார்ட்ஸன்பெர்க் இறந்ததும் ஏச்சு அதிகமானது. மறுவருஷம் ஊரைக் காலி செய்துகொண்டு கோத்தன் என்ற சிற்றூருக்குப் போனார். அங்கே ஆண்ட ஃபெர்டினாண்ட் பிரபு, மருந்தை அவரே கொடுக்க அனுமதித்தார்.

அதே 1820-ல், பாரீஸில் பெல்லெத்தியே, கவந்து என்ற இரண்டு வேதியியலாளர்கள் சின்கோனா பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தெடுத்தார்கள். பட்டையின் சூட்சுமம் அதில்தான் இருந்தது. கல்லன் சொன்ன வயிற்றுப் பலமும் இல்லை, ஹானிமன் சொன்ன ஒப்புமையும் இல்லை. மலேரியாக் கிருமி ரத்தச் சிவப்பணுக்களுக்குள் புகுந்து ஹீமோகுளோபினைத் தின்னும். அப்போது மிஞ்சும் நச்சுப்பொருளை அது செயலிழக்க வைத்தாக வேண்டும். குயினைன் அதைத் தடுக்கிறது, கிருமி சாகிறது. கிருமியை லாவரான் 1880-ல்தான் பார்த்தார். கொசுவின் உடம்பில் அதை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் பார்த்தது 1897-ல்.

இந்த மரத்துக்கும் நமக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1860-ல் கிளமென்ட்ஸ் மார்க்கம் தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த சின்கோனாவை, ஊட்டி தாவரவியல் பூங்காவின் மெக்ஐவர் நீலகிரியில் வளர்த்தார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. நடுவட்டத்தில் அரசு குயினைன் ஆலையும் வந்தது. பட்டையில் குயினைனோடு இருக்கும் மற்ற சத்துகளும் காய்ச்சலுக்கு உதவுமா என்று 1866 முதல் சென்னை மாகாணத்தில் ஒரு குழு ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் சோதித்தது. ஒரே பட்டை, அதே கேள்வி மாதிரிதான். ஆனால் இந்த முறை கேட்டது ஒருவரின் உடம்பிடம் அல்ல.

ஹோமியோபதியில் 'சைனா' இன்றும் கொடுக்கப்படுகிறது. ரத்தப்போக்கு, வயிற்றுப்போக்குக்குப் பிந்தைய அசதி, வயிற்று உப்புசம், முறை வைத்து வரும் காய்ச்சல் ஆகியவற்றுக்கு அதை எழுதுகிறார்கள். இந்தியாவில் சட்டப்படி அங்கீகாரம் பெற்ற முறை இது. ஆனால் மலேரியாவுக்கும் குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கும் ஹோமியோபதியை நம்பியிருக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் 2009-ல் எச்சரித்தார்கள். நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் ரத்தப் பரிசோதனைதான் முதல் வேலை. தாமதித்தால் சில வகை மலேரியா மூளையைத் தாக்கி உயிரை எடுக்கும்.

80 வயதில் பாரீஸ் பயணம்

ஹானிமனிடம் திரும்புவோம். 1830-ல் மனைவி ஹென்ரியட்டா இறந்தார். அடுத்த வருஷம் காலரா ஐரோப்பாவைத் தாக்கியபோது, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்தான் அதைப் பரப்புகின்றன என்று ஊகித்து எழுதினார். அவர் சிபாரிசு செய்த மருந்து கற்பூரம். ஊகம் சரி.

1834-ல் மெலனி என்ற 34 வயது பிரெஞ்சு ஓவியர் சிகிச்சைக்காகக் கோத்தன் வந்தார். மூன்று மாதத்தில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு வயது 79! ஊர் வாய் சும்மா இருக்குமா? 1835-ல் இருவரும் பாரீஸுக்குப் போய்விட்டார்கள். வாழ்நாளெல்லாம் பணத்துக்குத் திண்டாடிய மனுஷனின் வீட்டு வாசலில் இப்போது வண்டிகள் வரிசைகட்டி நின்றன. வயலின் மேதை பகனினிகூட வந்தார். மெலனியும் கூடவே வைத்தியம் பழகினார்.

1843 ஜூலை 2-ல், 88 வயதில் ஹானிமன் பாரீஸில் இறந்தார். சத்தமில்லாமல் மாண்ட்மார்ட் கல்லறையில் அடக்கம் நடந்தது. தொடர்ந்து நோயாளிகளைப் பார்த்துவந்த மெலனிமீது, உரிமம் இல்லாமல் வைத்தியம் செய்ததாக 1847-ல் வழக்கு வந்து அபராதம் விதிக்கப்பட்டது. 'ஆர்கனான்' நூலின் ஆறாம் பதிப்புக்காக ஹானிமன் கடைசிக் காலத்தில் திருத்திவைத்த பிரதி மெலனியிடமே இருந்தது. வெளியிடக் கேட்டவர்களோடு பேரம் படியவில்லை. 1878-ல் அவரும் போய்ச் சேர்ந்தார். 1898-ல் ஹானிமனின் எச்சங்கள் பெர் லாஷேஸ் கல்லறைக்கு மாற்றப்பட்டன. அந்தக் கையெழுத்துப் பிரதி அச்சில் வந்தது 1921-ல்.