பொற்கோயிலின் பொன்னும் ஓர் அரசரும்

அமிர்தசரஸுக்குச் செல்லும் பயணிகளில் பலர் காலையில் பொற்கோயிலை வணங்கி, மாலையில் வாகா எல்லையில் கொடியிறக்கத்தைக் கண்டு ஊர் திரும்பிவிடுகின்றனர். அங்கு மூன்று நாள்கள் தங்கியிருந்த எனக்கு, அவ்விரு இடங்களுக்கும் இடையே ஒரு மனிதரின் வாழ்க்கை சிதறிக் கிடப்பதாகத் தோன்றியது. அவர் மகாராஜா ரஞ்சித் சிங்.

1780-இல் இன்றைய பாகிஸ்தானில் உள்ள குஜ்ரன்வாலாவில் பிறந்தவர். இளமையில் அம்மை நோய் இடக் கண்ணின் பார்வையைப் பறித்தது. சிறுவனாக இருந்தபோதே தந்தையை இழந்தார். 1799-இல், இருபது வயது நிரம்பும் முன்னரே, லாகூரைக் கைப்பற்றினார். தமக்குள் பூசலிட்டுக் கொண்டிருந்த சீக்கியப் படைக் கூட்டங்களை ஒரே அரசாக்கி 1801-இல் முடிசூடிக்கொண்டார். எனினும், நாணயங்களில் தம் பெயரைப் பொறிக்கவில்லை. அவை குரு நானக்கின் பெயரால் நானக்‌ஷாஹி என்றே வழங்கின.

ஹர்மந்திர் சாஹிப் இன்று பொற்கோயில் எனப்படுவதற்கு அவர் அளித்த பொன்னே காரணம். நுழைவாயிலின் மேலுள்ள தகடு, அத்திருப்பணிக்காக குருவால் தேர்ந்தெடுக்கப்பட்ட தொண்டர் என்றே அவரைக் குறிக்கிறது. கூட்டத்தில் நகர்ந்துகொண்டே செல்வோர் அதைக் கவனிப்பதில்லை. ஆனால், என்னை அதிகம் ஈர்த்தது எதிரே உள்ள அகால் தக்த். மோரான் என்ற முஸ்லிம் நடனப் பெண்ணை மணந்ததற்காக, அகாலி பூலா சிங் அரசரை அங்கு வரவழைத்துக் கசையடித் தண்டனை விதித்தார் என்பது மரபுச் செய்தி. அரசர் மறுக்காமல் முதுகைக் காட்டி நின்றாராம்; அந்தப் பணிவைக் கண்டு தண்டனை தளர்த்தப்பட்டதாம். படை முழுவதையும் கையில் வைத்திருந்தவர் அவ்வாறு நின்றார் என்பதை ஒரு சமூகம் இருநூறு ஆண்டுகளாக நினைவில் வைத்திருப்பது எனக்கு வியப்பளிக்கிறது.

அந்த மோரானின் நினைவாகவே எல்லையோரத்தில் புல் கஞ்சரி இருக்கிறது. லாகூருக்கும் அமிர்தசரஸுக்கும் இடையே அரசர் இளைப்பாறிய இடம். குளமும் பழைய மண்டபமும் சிறு சிவன் கோயிலும் எஞ்சியுள்ளன. அருகிலேயே 1971 போரில் உயிர்நீத்த வீரர்களுக்கான நினைவுச் சின்னம். ஓர் அரசர் குதிரையில் இயல்பாகக் கடந்து சென்ற பாதையில் இன்று முள்வேலி நிற்கிறது.

மத நல்லிணக்க மன்னர் என்று அவரைப் போற்றுவது வழக்கம். அதற்கு நியாயமும் உண்டு. அயலுறவைக் கவனித்தவர் ஃபக்கீர் அஜீசுதீன். நிதியைக் கவனித்தவர் தீனாநாத். படையைப் பழக்கியவர்கள் ஆலார், வென்டுரா போன்ற ஐரோப்பியர். ஆயினும், லாகூர் பாத்ஷாஹி மசூதியின் முற்றம் அவர் காலத்தில் படைக்குதிரைகளின் லாயமாக இருந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1809-இல் ஆங்கிலேயருடன் செய்துகொண்ட அமிர்தசரஸ் உடன்படிக்கையால் சட்லெஜ் நதிக்குத் தெற்கே விரிவடையும் ஆசையைக் கைவிட்டார். அதைக் கோழைத்தனம் என்பாரும் உளர். அந்த விவேகமே அவரது அரசை அவர் காலம் முழுவதும் காத்தது என்பது என் கருத்து.

1839 ஜூன் 27-இல் லாகூரில் அவர் மறைந்தார். அவரது சிதையில் நான்கு அரசியரும் ஏழு பணிப்பெண்களும் உடன்கட்டை ஏறினர். ராம்பாக் தோட்டத்து அரண்மனையில் அவரது வாள்களையும் ஓவியங்களையும் பார்த்து மகிழ்ந்த எனக்கு, அந்தப் பதினொரு பேரை நினைத்தபோது மகிழ்ச்சி நிலைக்கவில்லை. அடுத்த பத்தே ஆண்டுகளில், 1849-இல், பஞ்சாப் ஆங்கிலேயர் வசமானது.

அவரது சமாதி லாகூரில், அமிர்தசரஸிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. விசா பெற்ற சீக்கிய யாத்ரீகர் குழுக்கள் அவரது நினைவு நாளையொட்டி ஜூன் மாதத்தில் அங்கு சென்றுவந்த ஆண்டுகள் உண்டு. மற்றவர்கள் அட்டாரியோடு திரும்ப வேண்டியதுதான்.