மிகயீல் ஸ்வெட் என்னும் தாவரநூற் புலவர்

நொய்யற்கரையிலுள்ள நம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளிலே, கலப்புச் சாயத்தில் ஒரு துளி ஈரப் பனியன் துணிமேற் சிந்தின், அது பரவுங்கால் நடுவில் ஒரு நிறமும் ஓரத்தில் வேறொரு நிறமுமாகப் பிரிந்து நிற்றலைப் பலரும் கண்டிருப்பர். துணி கெட்டதே என்று வருந்துவரேயன்றி அதனை யாரும் பொருட்படுத்தார். இதனையொத்த நிகழ்ச்சி ஒன்றைச் சாஸ்திரமாக்கியவர் இலைகளை ஆராய்ந்த மிகயீல் ஸ்வெட் என்பார்.

இவர் 1872ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் நாள் இத்தாலி நாட்டு அஸ்தி நகரிற் பிறந்தார். தந்தையார் ருஷியர், தாயார் இத்தாலியர். பிறந்த சின்னாளில் தாயை இழந்து ஸ்விட்ஸர்லாந்தில் வளர்ந்தார். ஜினீவா சர்வகலாசாலையில் 1896இல் டாக்டர் பட்டம் பெற்றுத் தந்தையார் நாடு சென்றார். அங்கே அப்பட்டம் செல்லாதென்றனர். ஆகவே மீண்டும் பரீட்சைக்குரியவராகிக் கஜான் நகரில் 1901இல் வேறொரு பட்டம் பெற்றார். ஹானர்ஸ் வகுப்பே நெடிதென்று பெருமூச்செறியும் நம்மனோர் இதனைச் சிறிது எண்ணுக.

அக்காலத்து ரஸாயன நூலார் இலைப்பச்சையை அமிலமும் காரமும் இட்டுச் சிதைத்து ஆராய்ந்தனர். கிடைத்தது இலையில் இருந்ததோ, தாம் ஆக்கியதோ என்னும் ஐயம் நீங்கவில்லை. ஸ்வெட் சிதைக்க உடன்பட்டிலர். ஒடுங்கிய கண்ணாடிக் குழாயிலே சுண்ணத்தூளை இறுக நிறைத்து, இலையின் நிறங்கள் கரைந்த திரவத்தை மேலிருந்து ஊற்றினார். பின் தூய திரவத்தை விட்டுக்கொண்டே வந்தார். தூளைப் பற்றும் ஆற்றல் நிறத்துக்கு நிறம் வேறாதலின், பற்றுக் குறைந்தது முன்னே ஓடிற்று. மிக்கது பின்னே தங்கிற்று. மஞ்சளும் இருவகைப் பச்சையும் பட்டை பட்டையாய் நின்றன. அத்தூளைக் குலையாது வெளியே தள்ளிக் கத்தியால் அரிந்து ஒவ்வொன்றையும் தனியே எடுத்தார். 1903இல் வார்ஸா நகரில் இம்முறையின் தொடக்கத்தை எடுத்துரைத்து, 1906இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்டுக் குரோமட்டோகிராபி எனப் பெயரிட்டார். கிரேக்கத்தில் அது நிறவெழுத்து எனப் பொருள்படும். ருஷிய மொழியில் ஸ்வெட் என்பதும் நிறமே. தம் பெயரையே அதனுள் ஒளித்தாரோ எனச் சொல்லாராய்ச்சியில் விருப்பமுடைய நாம் ஐயுறுகின்றோம்.

பேரறிஞர் பலர் செவிசாய்த்திலர். போலந்து நாட்டு மார்ஹ்லெவ்ஸ்கி கடுமையாக எதிர்த்தார். 1915இல் நோபெல் பரிசு பெற்ற வில்ஷ்டேட்டரும், தூளிற் பற்றும்போதே நிறங்கள் திரிபடையும் என ஐயுற்றார். அவ்வாண்டிலேயே ஜெர்மானியப் படை வார்ஸாவைக் கொண்டது; ஸ்வெட் கற்பித்த பாலிடெக்னிக் கல்லூரி இடம்பெயர்ந்தது. ஊரூராய் அலைந்து, நோயால் மெலிந்து, 1919 ஜூன் 26இல் வொரொனேஷ் நகரில் 47 வயதிற் காலமானார்.

1931இல் ஹைடல்பர்க் நகரிலே கூன், லெடரர் என்போர் அம்முறையை உயிர்ப்பித்தனர். 1941இல் மார்ட்டின், ஸிஞ் என்னும் இருவர் அதனைப் புதுவழியில் வளர்த்து, 1952இல் நோபெல் பரிசு பெற்றனர். அவர்கள் உழைத்த இடம் லீட்ஸ் நகரத்துக் கம்பளித்தொழில் ஆராய்ச்சி நிலையமாகும். நூலும் துணியுமே வாழ்வாகிய நம்மூரார் கேட்டு மகிழ்வாராக.

நிற்க, நிறமற்ற பொருளுக்கும் இம்முறை பயன்படும் என்று ஸ்வெட் முன்னரே எழுதியிருந்தார். நரம்பினின்று நரம்பிற்குச் செய்தி கொண்டுசெல்லும் டோபமின், செரோடோனின் முதலியன நிறமற்றவை. எலிமூளையின் சிறு துண்டை, அவை கெடாவண்ணம், குளிர்ந்த அமிலத்தில் அரைத்துப் புரதத்தை நீக்கி, எஞ்சிய தெளிவை நுண்டூள் நிறைந்த எஃகுக் குழாயிற் பேரழுத்தத்துடன் செலுத்துகின்றனர். ஒவ்வொன்றும் தனக்குரிய நிமிஷத்தில் வெளிவந்து, முடிவிலுள்ள மின்முனையில் சிறு மின்னோட்டத்தை எழுப்பும். அதன் அளவைக்கொண்டு, ஒரு கிராமை 100 கோடி பங்கிட்டதில் ஒரு பங்காகிய நானோகிராமும் அளக்கப்படுகின்றது. நடுக்குவாதத்திற்கென ஆயும் ஒரு மருந்து மூளையில் டோபமினைக் கூட்டிற்றோ இல்லையோ என்பதை ஆராய்ச்சியாளர் இவ்வாறே அறிகின்றனர்.