உங்கள் மாதிரி மேக்லெவ் ரயில் ஏன் கவிழ்கிறது? பதில் சொல்லும் மைக்கேல் ஃபாரடேயின் வாழ்க்கை

அறிவியல் திட்டப்பணிக்காக மாதிரி மேக்லெவ் ரயில் செய்து பார்த்திருக்கிறீர்களா?

பலகையில் இரண்டு வரிசையாகக் காந்தப் பட்டைகளை ஒட்டுவீர்கள். சின்னப் பெட்டி ஒன்றின் அடியிலும் அதே மாதிரிப் பட்டைகள். ஒரே துருவங்கள் எதிரெதிரே இருக்கும்படி வைத்துவிட்டால் பெட்டி மிதக்க வேண்டும். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கும்.

நடப்பது வேறு. கையை எடுத்ததும் பெட்டி ஒரு பக்கமாகச் சரியும். டப்பென்று திரும்பிப் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். மறுபடியும் வைப்பீர்கள், மறுபடியும் அதே கதை. நாளைக்கு ஒப்படைக்க வேண்டும் என்றால் அழுகையே வந்துவிடும்!

கவலைப்படாதீங்க, தப்பு உங்கள் மேல் இல்லை. நிலையான காந்தங்களை எப்படி அடுக்கினாலும், அவற்றால் மட்டும் இன்னொரு காந்தத்தை அந்தரத்தில் அசையாமல் நிறுத்த முடியாது. சாமுவேல் எர்ன்ஷா எனும் ஆங்கிலேயக் கணித அறிஞரின் 1842ஆம் ஆண்டுத் தேற்றம் சொல்வது அதைத்தான். அதனால்தான் பாதையின் இரு பக்கமும் பிளாஸ்டிக் சுவர் வைக்கச் சொல்கிறார் ஆசிரியர்.

அப்படியென்றால் ஜப்பானின் யாமனாஷி சோதனைத் தடத்தில் மணிக்கு 603 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்ட ரயில் மட்டும் எப்படி மிதக்கிறது?

அந்தப் பதிலைத் தேட நாம் லண்டனுக்குப் போக வேண்டும். அதைக் கண்டுபிடித்தவர் ஒரு கொல்லரின் மகன். கல்லூரிப் பக்கமே போகாதவர். கணிதம் அவருக்குக் கடைசிவரை கைவரவில்லை.

மற்றவர்களின் புத்தகங்களைப் படித்த பையன்

மைக்கேல் ஃபாரடே பிறந்தது 1791 செப்டம்பர் 22ஆம் தேதி. அந்த இடம் இப்போது தெற்கு லண்டனில் இருக்கிறது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லாததால் தொடர்ந்து வேலை செய்ய முடியவில்லை. வீட்டில் நான்கு பிள்ளைகள். எழுத, படிக்க, கொஞ்சம் கணக்குப் போட என்ற அளவோடு பள்ளிப் படிப்பு நின்றுபோனது.

ஜார்ஜ் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். 1805இல், 14 வயதில், அங்கேயே புத்தகம் கட்டும் தொழில் பழக ஏழாண்டு ஒப்பந்தம். நாள் முழுக்க அடுத்தவர்களின் புத்தகங்களைத் தைத்து, ஒட்டி, அட்டை போட வேண்டும்.

சும்மா தைத்துக் கொடுத்துவிட்டுப் போகவில்லை அவர். உள்ளே என்ன இருக்கிறது என்றும் பார்த்தார். கட்டுவதற்கு வந்த கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை கண்ணில் பட்டது. ஜேன் மார்செட் என்ற பெண்மணி எழுதிய வேதியியல் புத்தகமும் கிடைத்தது. படித்ததை எல்லாம் செய்து பார்க்க வேண்டும் அவருக்கு. செப்புக் காசுகளையும் துத்தநாகத் தகடுகளையும் மாற்றி மாற்றி அடுக்கிச் சொந்தமாக மின்கலம் செய்தார். இணையத்தில் காணொளி பார்த்துவிட்டு உடனே சமையலறையில் பொருள் தேடும் ஆள் நீங்கள் என்றால், உங்களுக்கு இவரைப் பிடிக்கும்.

1812இல் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், ராயல் இன்ஸ்டிடியூஷன் எனும் ஆய்வுக்கழகத்தில் ஹம்ஃப்ரி டேவி ஆற்றிய உரைகளுக்கு நுழைவுச்சீட்டு கொடுத்தார. டேவி அப்போது புகழின் உச்சியில் இருந்த வேதியியல் அறிஞர். ஃபாரடே நான்கு உரைகளைக் கேட்டார். குறிப்பெடுத்தார், படம் வரைந்தார், எல்லாவற்றையும் புத்தகமாகக் கட்டி டேவிக்கே அனுப்பினார். வேலை கேட்கும் விண்ணப்பம் இதைவிட அழகாக இருக்க முடியுமா என்ன?

1813 மார்ச்சில் வேலை கிடைத்தது. ஆய்வுக்கூட உதவியாளர்.

உதவியாளரா, வேலைக்காரரா?

அதே ஆண்டு டேவி ஐரோப்பியப் பயணம் புறப்பட்டபோது ஃபாரடேயையும் அழைத்துச் சென்றார். பாரிஸிலும் இத்தாலியிலும் பெரிய பெரிய அறிவியலாளர்களைப் பார்க்கும் வாய்ப்பு. ஆனால் டேவியின் மனைவி அவரை வீட்டு வேலைக்காரரைப் போலவே நடத்தினார். பயணத்தைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்கு மனம் நொந்தார் ஃபாரடே.

அதைவிடப் பெரிய அடி பிறகு விழுந்தது.

1820இல் டென்மார்க்கைச் சேர்ந்த அர்ஸ்டெட், மின்சாரம் பாயும் கம்பிக்கு அருகே திசைகாட்டி முள் திரும்புவதைக் கண்டார். அடுத்த ஆண்டு ஃபாரடே, பாதரசக் கிண்ணத்தில் தொங்கும் கம்பி ஒன்றைக் காந்தத்தைச் சுற்றிச் சுழலவைத்தார். இன்றைய மின்விசிறிக்குள் இருக்கும் மோட்டாரின் கொள்ளுத்தாத்தா அதுதான். அவசரமாகக் கட்டுரை வெளியிட்டார். வொல்லஸ்டன் என்ற மூத்த அறிவியலாளர் இதே விஷயத்தில் டேவியோடு சேர்ந்து முயன்றுகொண்டிருந்தார். கட்டுரையில் அவர்கள் பெயரே இல்லை. வொல்லஸ்டனின் யோசனையைத் திருடிவிட்டார் என்று பேச்சு கிளம்பியது.

வொல்லஸ்டன் எதிர்பார்த்தது வேறு, ஃபாரடே செய்துகாட்டியது வேறு. ஆனாலும் ஒரு வார்த்தை குறிப்பிட்டிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பெரிய குடும்பப் பின்னணி இல்லாத ஒருவருக்கு அந்தப் பழி எவ்வளவு ஆபத்தானது, யோசித்துப் பாருங்கள். 1824இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினராக அவர் பெயர் முன்மொழியப்பட்டபோது, சங்கத்தின் தலைவராக இருந்த டேவியே எதிர்த்தார். ரகசிய வாக்கெடுப்பில் எதிராக விழுந்தது ஒரே ஒரு வாக்கு. ஃபாரடே உறுப்பினரானார். ஆனால் குருவோடு இருந்த உறவு பழையபடி ஆகவில்லை.

அப்புறம் பல ஆண்டுகள் அவருடைய நேரத்தைத் தின்றது கண்ணாடி. தொலைநோக்கிகளுக்கு நல்ல கண்ணாடி தயாரிக்கும் ஆய்வு அது. டேவி 1829இல் இறந்தார். கண்ணாடி வேலையை விட்டுவிட்டு ஃபாரடே தன் பழைய கேள்விக்குத் திரும்பினார்: மின்சாரத்தால் காந்த விளைவு வருகிறது என்றால், காந்தத்தால் மின்சாரம் வராதா?

முள் ஒருமுறை துள்ளியது

1820களிலேயே அவர் இதைப் பலமுறை முயன்று தோற்றிருந்தார். காந்தத்தைக் கம்பிக்குப் பக்கத்தில் வைப்பார், மின்சாரம் வருகிறதா என்று பார்ப்பார். வராது. அந்தத் தோல்விகளையும் குறிப்பேட்டில் எழுதி வைத்தார்.

1831 ஆகஸ்ட் 29ஆம் தேதி. ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் அகலமுள்ள ஓர் இரும்பு வளையம். அதன் ஒரு பாதியில் ஒரு செப்புக்கம்பிச் சுருள், மறு பாதியில் இன்னொரு சுருள். இன்றுபோல உறை போட்ட கம்பி அப்போது கடையில் கிடைக்காது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே நூல், ஓர் அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் நடுவே பருத்தித் துணி என்று பொறுமையாகச் சுற்றினார். நூலும் துணியும் புத்தகம் கட்டியவருக்குப் பழகிய பொருள்கள்தானே!

ஒரு சுருளை மின்கலத்தோடு இணைத்தார். மற்றதன் கம்பிக்கு அருகே காந்த முள். இணைத்த கணத்தில் முள் துள்ளியது. அடுத்த கணம் பழைய இடத்துக்கே வந்து நின்றது. மின்சாரம் முதல் சுருளில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. முள் அசையவில்லை. இணைப்பைத் துண்டித்தார். மறுபடியும் ஒரு துள்ளல், இந்த முறை எதிர்த்திசையில்.

இத்தனை ஆண்டுகள் ஏன் தோற்றோம் என்பது இப்போது விளங்கியது. காந்தம் சும்மா பக்கத்தில் இருந்தால் ஒன்றும் நடக்காது. காந்தப்புலம் மாற வேண்டும். மாறும்போது மட்டும்தான் கம்பியில் மின்சாரம் பிறக்கும். அக்டோபரில் காந்தத் தண்டு ஒன்றைச் சுருளுக்குள் செருகியும் வெளியே இழுத்தும் அதையே காட்டினார். பிறகு பெரிய காந்தத்தின் துருவங்களுக்கு நடுவே செப்புத் தட்டைச் சுழற்றித் தொடர்ச்சியாக மின்சாரம் எடுத்தார். இதற்குத்தான் மின்காந்தத் தூண்டல் என்று பெயர். எம்ஆர்டி நிலையத்தில் நீங்கள் தட்டும் ஈஸி-லிங்க் அட்டைக்குள் மின்கலம் கிடையாது. வாசலில் உள்ள கருவியின் மாறும் காந்தப்புலம்தான் அதற்குள் இருக்கும் சுருளில் மின்சாரத்தைத் தூண்டிவிடுகிறது.

இன்னொரு புதிரும் அவிழ்ந்தது. சுழலும் செப்புத் தட்டுக்கு மேல் காந்த முள்ளைத் தொங்கவிட்டால் முள்ளும் கூடவே திரும்பும் என்று பிரான்சின் அரகோ 1824இல் காட்டியிருந்தார். செம்பைக் காந்தம் ஈர்க்காதே, பிறகு எப்படி? தட்டு நகர்வதால் அதற்குள்ளேயே மின்சாரம் சுழல்கிறது, அந்த மின்சாரம் ஒரு காந்தம்போல வேலை செய்கிறது என்று விளக்கினார் ஃபாரடே.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். தடித்த அலுமினியத் தகடு ஒன்றைச் சாய்த்துப் பிடித்து, வலுவான சிறு காந்தத்தை வழுக்கிவிடுங்கள். யாரோ பின்னால் இழுத்துப் பிடிப்பதைப்போல மெதுவாக இறங்கும். நிறுத்தினால் ஒட்டாது.

கணக்கு வரவில்லை, கோடு வந்தது

ஃபாரடேயின் கட்டுரைகளில் சமன்பாடுகளைத் தேடாதீர்கள். காந்தத்தின் மேல் தாளை வைத்து இரும்புத்தூளைத் தூவினால் வளைவான கோடுகள் தெரியுமே, அவற்றை வைத்துத்தான் அவர் சிந்தித்தார். வெற்றிடத்திலும் அந்தக் கோடுகள் உண்மையாகவே இருக்கின்றன என்றார். கணிதம் தெரிந்த பலர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டவர் ஓர் இளைஞர், ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல். ஃபாரடேயின் கோடுகளை அவர் கணிதமாக மாற்றினார்.

வீணாய்ப்போனதாகத் தோன்றிய அந்தக் கண்ணாடியும் 1845இல் உதவியது. கனமான கண்ணாடித் துண்டு ஒன்றைக் காந்தம் லேசாக விலக்குவதை ஃபாரடே கண்டார். தண்ணீரும் அப்படியே, சதையும் அப்படியே. அந்த மெல்லிய விலக்கலை வைத்தே 1997இல் நெதர்லாந்தில் உயிருள்ள தவளையை அந்தரத்தில் மிதக்கவிட்டார்கள்! எர்ன்ஷாவின் விதி இங்கே பலிக்காது.

நைட் பட்டத்தை ஃபாரடே வேண்டாம் என்றார். ராயல் சொசைட்டியின் தலைவர் பதவியும் வேண்டாம். பிள்ளைகளுக்கான கிறிஸ்துமஸ் உரைகளை மட்டும் 19 முறை நடத்தினார். அதே அரங்கில் 1966இல் அந்த உரைகளை ஆற்றியவர் எரிக் லைத்வெயிட். மேக்லெவ் ரயிலின் தந்தை என்று பலர் சொல்வது அவரைத்தான். ஃபாரடேயின் நினைவாற்றல் கடைசி ஆண்டுகளில் மங்கிப்போனது. 1867 ஆகஸ்ட் 25ஆம் தேதி காலமானார்.

சரி, இப்போது உங்கள் ரயிலுக்கு வருவோம்

ஷாங்ஹாய் ரயிலில் மின்காந்தங்கள் கீழேயிருந்து தண்டவாளத்தை நோக்கி ஈர்க்கப்படுகின்றன. இடைவெளி ஏறக்குறைய 1 சென்டிமீட்டர். அது கூடினாலும் குறைந்தாலும் கணினி உடனே மின்சாரத்தைச் சரிசெய்கிறது. எர்ன்ஷாவைத் தாண்ட அது ஒரு வழி.

ஜப்பானிய ரயிலின் வழி நேராக ஃபாரடேயுடையது. ரயிலில் மிகை மின்கடத்திக் காந்தங்கள். பாதையின் இரு பக்கச் சுவர்களிலும் எட்டு வடிவச் சுருள்கள். ரயிலைத் தூக்கும் அந்தச் சுருள்களுக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுப்பதில்லை. காந்தம் விரைந்து கடக்கும்போது அவற்றுக்குள் தானாக மின்சாரம் பிறக்கிறது. அதுவே ரயிலை ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தூக்குகிறது, நடுவிலும் நிறுத்துகிறது. உங்கள் பிளாஸ்டிக் சுவரின் வேலையை அங்கே செய்வது சுருள்கள்.

ஆனால் காந்தம் நகர்ந்தால்தானே மின்சாரம்? மணிக்கு ஏறக்குறைய 150 கிலோமீட்டர் வேகம் வரும்வரை அந்த ரயில் மிதக்காது. அதுவரை ரப்பர் சக்கரங்களில்தான் ஓடுகிறது. நிலையத்தில் நிற்கும்போதும் சக்கரத்தின் மேல்தான் நிற்கிறது.